கேக் வெட்டமாட்டேன்

எங்கள் நண்டுத் தொழிற்சாலையில் ஐம்பது வயதான பெண்ணை யாரும் வேலையிலிருந்து நீக்குவதில்லை. கேக் வெட்டி அனுப்பிவைப்பார்கள். தலவில தேவாலயப் பெருநாளுக்கு உடுத்தும் சேலையில் அவள் வருவாள். மெனேஜரின் கதிரையில் இருத்தி, கேக் ஊட்டி, ஒரு சேலை கொடுத்து, படம் எடுத்து, எல்லாரும் அழுவோம். மறுநாள் அவளுடைய இடத்தில் வேறொருத்தி நின்று நண்டு உடைப்பாள். ஆண்களுக்கு இந்த மரியாதை கிடையாது. ஐஸ் அறையில் நரைத்த தலைகள் இன்னும் நடமாடுகின்றன.

எனக்கு ஐம்பது நெருங்கிய நேரத்தில், ஆணோ பெண்ணோ அறுபதுக்கு முன் வயதைக் காட்டி யாரையும் அனுப்ப முடியாது என்று சில வருடங்களுக்கு முன்பே சட்டம் வந்திருப்பதை வானொலியில் கேட்டேன். மெனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"அதெல்லாம் கொழும்பு ஆக்களுக்கு, அக்கா" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னைப் புத்தளத்துக்குப் பஸ் ஏற்றியது. தொழில் திணைக்களக் கந்தோரில் இருந்த பெண் அதிகாரி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கேக்க வெட்டாதீங்க. சேலையும் வாங்காதீங்க. படத்தக் காட்டி, நீங்களே விரும்பி விலகினீங்க எண்டு சொல்லுவாங்க."

இத்தனை வருடமாக நாங்கள் அழுது அழுது ஊட்டியது இதைத்தானா?

எனக்கு ஐம்பதான அன்று ரப்பர் சப்பாத்தும் தொப்பியுமாகப் போனேன். மேசையில் கேக் இருந்தது. என் பக்கத்தில் நின்று வேலை செய்பவள், என்னைவிட ஒரு வயது இளையவள், விடியற்காலையில் எழும்பிச் செய்தது. அவளுடைய முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. மெனேஜர் கத்தியை நீட்டினார்.

"நான் போகல்ல, சேர். வேலைக்கு வந்திருக்கிறன்."

"சும்மா ஒரு துண்டு வெட்டுங்க அக்கா. ஆசையா செஞ்சிருக்காங்க."

"அறுபதுல வெட்டுறன். அதுவரைக்கும் சேலையப் பூச்சி அரிக்காமப் பாத்துக்கங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் என் இடத்துக்குப் போய் முதல் நண்டை உடைத்தேன். கேக் செய்தவள் அதை மூடிவைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அடுத்த வருஷம் எனக்கெல்லோ, அக்கா" என்றாள். மற்றவர்களும் தங்கள் இடங்களுக்கு வந்துவிட்டார்கள். மெனேஜர் மட்டும் கத்தியோடு நின்றார்.

மாலையில் பஸ் நிறுத்தத்தில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தவள், போன வருடம் எங்கள் கையால் கேக் தின்றுவிட்டு வேலையை விட்டுப் போனவள். செய்தி அவளுக்கு எட்டியிருந்தது.

"நாளைக்கும் வேலைக்குப் போறியா?"

"ஓம்."

அவள் கருவாட்டைத் திருப்பித் திருப்பி அடுக்கினாள். "நான் வெட்டிட்டனே" என்றாள்.

"வெட்டினா என்ன? கந்தோருக்கு வா. உன்னட்டக் கத்தியத் தந்து வெட்டச் சொன்னது ஆரெண்டு நான் சொல்றன்."