மூணு இன்ச்

அந்தத் தெருவில் அவளை டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தூங்குகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கழுத்தில் அளவு டேப் தொங்கும். துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள் வம்பையும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். அப்பேர்ப்பட்ட வாய் ஒரே ஒரு ஆளுக்கு முன்னால் மட்டும் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும். அது அவள் புருஷனுடைய அண்ணன். பிரார்த்தனைக் கூடம் நடத்துகிறவர். மருந்தைத் தொட்டால் நம்பிக்கை போச்சு என்பது அவர் போட்ட சட்டம். தம்பிக்கோ அண்ணன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

ஒன்பது வயது மகள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். நிமிஷத்துக்கொரு தரம் பாத்ரூமுக்கு ஓடினாள். பெரியப்பா தலையில் கை வைத்துப் பிரார்த்தித்தார். மூன்றாவது வாரம் குணமாகிவிட்டது என்று அறிவித்தும் விட்டார். டேப்பக்காவும் நம்பினாள். மண்டிபோட்டு முழங்கால் வலிக்க வலிக்க வேண்டிக்கொண்டவள்தானே அவளும்!

அப்புறம்தான் பள்ளிக்கூடப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை என்று பிள்ளை வந்து நின்றது. டேப்பைச் சுற்றினாள். பத்தொன்பது. அளவு நோட்டைப் புரட்டினாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் இருபத்திரண்டு. மறுபடி சுற்றிப் பார்த்தாள், அதே பத்தொன்பது. வளர்கிற பிள்ளை மூணு இன்ச் சுருங்குமா? யாருடைய வாக்கை வேண்டுமானாலும் அவள் நம்புவாள், ஆனால் தான் எடுத்த அளவுக்கு மேல் எதையும் நம்பமாட்டாள். பாதி தைத்த சட்டையை மெஷினிலேயே போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

பிள்ளைக்குச் சர்க்கரை நோய் என்றார் டாக்டரம்மா. உடம்பில் இன்சுலினே சுரக்கவில்லை, இப்போதே சிகிச்சை ஆரம்பிக்காவிட்டால் உயிர் தங்காது, பெற்றவர்களில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். அதற்குள் புருஷன் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"நான் அப்பன். எனக்கு உரிமை இருக்கு. நீ பாட்டுக்குக் கையெழுத்துப் போடாதே."

"அவ இருந்தாத்தாங்க நீங்க அப்பன்" என்று சொல்லிவிட்டுப் போட்டாள். அவசரத்தில் எழுத்து கோணிக்கொண்டது. கோணினால் என்ன, கையெழுத்து கையெழுத்துதான்.

மூன்றாம் நாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றது. புருஷன் சுவர்ப்பக்கம் திரும்பிக் குலுங்கிக் குலுங்கி அழுதான். ஊசி போடக் கற்றுக்கொண்டதும் அவன்தான். நாள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குப் பெற்ற பிள்ளையைக் குத்தக் கை வரவில்லை.

குணமானவர்கள் மேடையேறிச் சாட்சி சொல்வது கூடத்து வழக்கம். ஆஸ்பத்திரி விஷயம் அண்ணனுக்குத் தெரியும், சனங்களுக்குத் தெரியாது. பிள்ளை வீடு திரும்பிய பிறகு நடந்த கூட்டத்தில், தம்பி வாயைத் திறக்கமாட்டான் என்ற தைரியத்தில், பிரார்த்தனையால் பிழைத்த பிள்ளை என்று சொல்லி மூன்று பேரையும் அவர் மேடைக்குக் கூப்பிட்டார். மத்தியானச் சாப்பாட்டு வேளை. மைக்கை வாங்கிய டேப்பக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் சனங்கள் பக்கம் திரும்பினாள். சொல்லியும் விட்டாள்.

"வேண்டினேன், இப்பவும் வேண்டுறேன். ஆனா பிள்ளைய ஆஸ்பத்திரியில காட்டினதாலதான் உயிரோட நிக்குது. சாப்பிடறதுக்கு முன்னாடி ஊசி போடணும், கொஞ்சம் பொறுத்துக்குங்க."

புருஷன் மேடையிலேயே மண்டிபோட்டுப் பிள்ளையின் கையில் ஊசியைக் குத்தினான். அண்ணன் முகம் கறுத்து, உடனே கீழே இறங்கச் சொன்னார்.

"பத்து எண்ணிட்டுத்தாண்ணா ஊசிய எடுக்கணும்" என்றான் தம்பி. அப்பனும் மகளும் சத்தமாகவே எண்ணினார்கள். டேப்பக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பத்து முடிந்ததும், காய்ச்சலில் துவண்ட கைக்குழந்தையோடு ஒருத்தி மேடையடிக்கு வந்து, "எந்த ஆஸ்பத்திரி, அக்கா?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் பிள்ளைகளோடு எழுந்தார்கள். பெரியப்பா உட்காரச் சொல்லிக் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. டேப்பக்கா மைக்கை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, காய்ச்சல்காரக் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.