இடப்பக்கத்துச் சக்கரம்

எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பேன். வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். கரகரவென்று சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டம்மா காம்பவுண்டு சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு என்னா சண்டை?" என்று கேட்பாள். அன்றைக்கு வீட்டில் தேய்க்கப் பாத்திரமே மிச்சமில்லை. அதனால்தான் கார் சக்கரத்தில் கை வைத்தேன்.

கார் என் வீட்டுக்காரருடையது. ஆசிரமத்துப் பக்கம் தங்க வருகிற வெளிநாட்டுக்காரர்களை மெட்ராஸ் ஏர்போர்ட்டில் ஏற்றிக்கொண்டு வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும்தான் அவருக்குப் பிழைப்பு. அந்தக் காரின் நாலு சக்கரமும் பாலிஷ் போட்ட அலுமினியம். மேலே பெயிண்டு கிடையாது, வெறும் உலோகம். துடைத்துக்கொண்டே இருந்தால் முகம் தெரியும், நாலு நாள் விட்டால் மங்கிப்போகும். காலையில் குளிக்கிறாரோ இல்லையோ, பழைய பனியன் துணியை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் குந்திவிடுவார். பூஜை போட்டு வண்டியை எடுக்கும்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம் இல்லையா, அந்தச் சாறு ஒரு சொட்டு மேலே தெறித்தால் போதும், கற்பூரம் அணைவதற்குள் ஓடிப்போய்த் துடைப்பார். "சாமி கோச்சுக்காது, அலுமினியம் கோச்சுக்கும்" என்பார். என்னை ஒருநாளாவது இப்படிப் பார்த்துக்கொண்டது உண்டா என்று நான் கேட்காத நாளில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷன் ஆறேழு மாசமாகச் சக்கரத்தைத் தொடவே இல்லை. பிரேக் தூசி படிந்து கரியாகக் கிடந்தது. கேட்டால் முட்டி வலி என்றார். ராத்திரி சவாரியை விட்டுவிட்டார். கேட்டால் தூக்கம் வருது என்றார். அன்றைக்குக் காலையில் கார் வாசலில் நிற்கிறது, இவர் கீழ்பென்னாத்தூரில் இருக்கிற எங்கள் பெண்ணைப் பார்க்கப் பஸ்ஸில் கிளம்புகிறார். ஏன் பஸ் என்றேன். "சும்மா இரேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வயசானால் ஆம்பிளைகளுக்கு வருகிற கொழுப்பு என்று நினைத்தேன். அந்தக் கோபத்தில்தான் வீட்டிலிருந்த பாத்திரம் அத்தனையும் மின்னியது.

இன்னொரு விஷயமும் இருந்தது. பெண்ணுக்கு ஒன்பதாம் மாசம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. வளையல் அடுக்கி முடித்ததும் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். "எம்பொண்ணு என் வண்டியிலதான் வரும், நான்தான் ஓட்டிட்டு வருவேன்" என்று சம்பந்தி வீட்டில் எப்போதோ சொல்லி வைத்துவிட்டார். அந்த அழுக்குச் சக்கரத்தோடு அவர்கள் வாசலில் போய் நின்றால் யார் மானம் போகும்? என் மானம்தான்.

பெண் வரும்போது ஏற்ற வேண்டிய குத்துவிளக்கைப் புளியும் பாத்திரப் பவுடரும் போட்டுத் தேய்த்து முடித்திருந்தேன். அதே கிண்ணத்தோடு வாசலுக்குப் போனேன். புளிக்குப் பித்தளை மசிந்தது, சக்கரத்துக் கறுப்பு மசியவில்லை. சரி, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற வித்தை இருக்கவே இருக்கிறது என்று, கொதிக்கிற தண்ணீரில் ரெண்டு கை சலவை சோடாவைக் கரைத்து நாலு சக்கரத்திலும் ஊற்றினேன். ஊறட்டும் என்று விட்டுவிட்டு உள்ளே போய்ச் சோறு வடித்தேன். திரும்பி வந்து கழுவிப் பார்த்தால், கறுப்பு போகத்தான் போயிருந்தது. ஆனால் சக்கரம் முழுக்க இட்லிக் குண்டானின் உள்பக்கம் மாதிரி சாம்பல் பூத்துத் திட்டுத்திட்டாகக் கருத்துக் கிடந்தது. தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தேன், கோடு கோடாக விழுந்தது. என் புத்தியை எதால் அடிப்பது?

சாயங்காலம் அவர் வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. நான் கதவோரம் நின்றுகொண்டு திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். பதில்கூட யோசித்து வைத்திருந்தேன், நீங்க தொடாம விட்டதாலதானே நான் தொட்டேன் என்று. அவர் காருக்குப் பக்கத்தில் நின்றார். தரை ஈரமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, முன் சக்கரத்துப் பக்கம் குனிந்தார்.

"வீலைத் தேச்சியா?"

"ஆமா."

"பளபளன்னு ஆக்கிட்டியே. நான் தேச்சாக்கூட இப்படி வராது. சம்பந்தி பாத்தா அசந்துடுவாரு."

கிண்டல் பண்ணுகிறார் என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. மெய்யாகவே சந்தோஷமாக இருந்தார். "காபி குடு" என்று உள்ளே போனார். போகும்போது இடது தோள் கதவு நிலையில் இடித்தது.

முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. தப்பிச்சேன்டா சாமி என்று அடுப்பைப் பற்றவைத்து, பாலைக் காய்ச்சி, காபியை ஆற்றி எடுத்துப்போய் நீட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. சக்கரத்தில் ஒரு விரல் ரேகை பட்டிருந்தால் தெருமுனையிலிருந்தே கண்டுபிடிக்கிற மனுஷன் அவர்.

ராத்திரி அவருக்குச் சோறு போட்டேன். அவரைக் கேட்க வாய் வரவில்லை. வாய்க்குப் பேர்போனவள் நான். ஆனால் கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று இருந்தது.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் சிரித்தார். "சோடா பட்டா அலுமினியம் கருத்துடும்மா. வீட்ல சமைக்கிறவங்க உங்களுக்குத் தெரியாததா?" என்று மூன்று தினுசு வாட்டர் பேப்பரும் ஒரு டப்பா பாலிஷ் பேஸ்டும் எடுத்துப் போட்டார். முதலில் சொரசொரப்புத் தாள், அப்புறம் நைசு, அப்புறம் அதைவிட நைசு. தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேய்க்கணும். முந்தின தாள் போட்ட கோடு மறையாமல் அடுத்த தாளுக்குப் போகக்கூடாது. அவசரப்பட்டால் பாலிஷ் போட்ட பிறகு அந்தக் கோடு எல்லாம் எழுந்து நிற்கும் என்றார். எனக்கு வேறு வேலை என்ன இருக்கிறது, தேய்க்கிறேன் என்றேன்.

மத்தியானம் சாப்பிட்டு அவர் படுத்ததும் வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். ஒரு நாளைக்கு ஒரு சக்கரம். வலப்பக்கம்தான் நிழல், அங்கே ஆரம்பித்தேன். தாளின் கீழே சாம்பல் நிறத்தில் பால் மாதிரி தண்ணீர் ஒழுகும். அதைக் கழுவிவிட்டுப் பார்ப்பேன், திட்டு போயிருக்கும், பளபளப்பு வந்திருக்காது. மனசு விட்டுப்போகும். பேஸ்ட்டைத் தொட்டு வைத்துத் துணியால் தேய்த்தால் துணி கருப்பாகும். கருப்பானால்தான் வேலை நடக்கிறது என்று அர்த்தமாம். கையெல்லாம் கரி, நகக்கண்ணெல்லாம் எரிச்சல். சந்து பொந்துக்குப் பழைய டூத் பிரஷ். வேறு துணியால் துடைத்ததும் சக்கரத்தில் என் மூஞ்சி தெரிந்தது. அழுத மூஞ்சி. நல்லவேளை, பார்க்க ஆளில்லை.

வலப்பக்கத்துச் சக்கரம் ரெண்டும் இப்படியே வந்துவிட்டன. மூன்றாம் நாள் இடப்பக்கம் உட்கார்ந்தேன். சோடாக் கறையைத் தேய்த்து எடுக்க எடுக்க, வெளி விளிம்பில் விரல் தட்டியது. குனிந்து பார்த்தேன். விளிம்பு சுற்றிலும் வெட்டு வெட்டாகக் கீறல். நகம் இறங்குகிற அளவுக்கு ஆழம். பழைய கீறல் மேல் புதுக் கீறல், அதன் மேல் இன்னொன்று. சிலதில் வெள்ளைப் பெயிண்டு ஒட்டியிருந்தது, கிரிவலப் பாதைப் பிளாட்பாரக் கல்லுக்கு அடித்திருப்பார்களே, அந்தப் பெயிண்டு. பின் சக்கரத்துக்கு ஓடினேன். அதிலும் அப்படியே. அங்கே முட்டி போட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியவில்லை.

பிளாட்பாரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண் விட்டு, அளவெடுத்த மாதிரி நிறுத்துகிறவர். வலப்பக்கம் ஒரு கீறல் இல்லை. இடப்பக்கம் இத்தனை. அந்தப் பக்கத்தில்தான் மலையைச் சுற்றுகிற ஜனம் செருப்பில்லாமல் நடக்கிறது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வயசானவர்களைக் கைபிடித்துக்கொண்டு. இவர் தட்டினது கல்லோடு போச்சே என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். அப்புறம் பயம் கோபமாக மாறியது, எனக்கு எல்லாமே கடைசியில் கோபமாகத்தான் மாறும்.

சனிக்கிழமை நாலாவது சக்கரமும் முடிந்தது. வெட்டு போகவில்லை, அதைச் சுற்றி எல்லாம் கண்ணாடியாக இருந்தது. அவரை எழுப்பிக் கூட்டிவந்து இடது முன் சக்கரத்துக்கு எதிரில் உட்கார வைத்தேன். கையைப் பிடித்து விளிம்பில் வைத்தேன்.

"எல்லாம் இடப்பக்கம்" என்றேன். "அந்தப் பக்கம் ஒண்ணுகூட இல்லைங்க."

அவர் கையை எடுக்கவில்லை. விரல் அந்த வெட்டுகளின் மேலேயே போய்ப்போய் வந்தது.

"தெரியும்" என்றார். "இடது கண்ணுல ஒண்ணுமே தெரியல. வலதுலயும் கம்மியாயிட்டே வருது. தனியா போய்க் காட்டிட்டு வந்தேன். கண்ணு நரம்பு காஞ்சிட்டு வருதாம். போனது போனதுதான், இருக்கிறதை மருந்து ஊத்தி இழுத்துப் பாக்கலாம்னாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சாவியைப் புடுங்கிடுவே."

வாஸ்தவம்தான். பிறகு அவர் கேட்டார், இத்தனை வருஷத்தில் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. "நாளைக்கு ஒருநாள் மட்டும். பகல்தானே. பழகின ரோடு. மெதுவா ஓட்டறேன். எம்பொண்ணைக் கூட்டிட்டு வந்துட்டு நானே சாவியை உங்கையில குடுத்துடறேன்."

கட்டிக்கொண்டு அழ வேண்டிய இடம். நான் கத்தினேன். "வயித்துப் புள்ளக்காரியை உக்கார வெச்சுக்கிட்டா உங்க ஆசையைத் தீத்துக்கணும்? ரோட்டோரம் நடக்கிறவனை அடிச்சிட்டா அவன் வீட்டுக்கு நீங்க போய்ப் பதில் சொல்லுவீங்களா? உங்களுக்கு வண்டிதான் பெருசு, எப்பவும் வண்டிதான்." பக்கத்து வீட்டில் டிவி சத்தம் நின்றது. அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். சொன்னது எதுவும் தப்பில்லை. இன்னும் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை கார் ஸ்டாண்டிலிருந்து அவர் கூட்டாளி ஒருவர் வந்து வண்டி ஓட்டினார். சம்பந்தி சக்கரத்தைப் பார்த்து அசந்துதான் போனார். இவர் என்னைக் கை காட்டிவிட்டு அந்தண்டை போய் நின்றுகொண்டார். வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. திரும்பும்போது பெண்ணை நடுவில் உட்கார வைத்தோம். இவர் அவளுக்கு இடப்பக்கம் ஏறிக்கொண்டார். அங்கே உட்கார்ந்தால்தான் அவள் முகம் அவருக்குத் தெரியும் என்று எனக்குப் புரிந்தது. பெண்ணிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை, பிரசவம் முடியட்டும் என்று.

"ஏம்பா நீ ஓட்டல?" என்று கேட்டாள்.

"உங்கூட உக்காந்து வரலாம்னுதான்."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். "குழந்தை யாரு ஜாடைன்னு நீதாம்பா மொதல்ல பாத்துச் சொல்லணும். அவங்க வீட்ல இப்பவே அவங்க ஜாடைன்னு முடிவே பண்ணிட்டாங்க."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் வரச் சொல்லும்மா" என்றார்.

அவள் வளையல் குலுங்கச் சிரித்தாள். "இன்னும் மூணு வாரம் இருக்கு. உனக்கு என்னப்பா அவ்ளோ அவசரம்?" என்றாள்.