காலால் பிறந்தவனின் கழுத்து

இந்த ஊரில் தலையணையை வெயிலில் போட வழியில்லை. கழுத்து பிடித்துக்கொண்டால் தலையணையை வெயிலில் காயப்போட்டு, அந்தச் சூட்டோடு தலை வைத்துப் படுப்பதுதான் நமக்குத் தெரிந்த முதல் வைத்தியம். கனடாவுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் என் கழுத்து இடப்பக்கமாக இறுகிக்கொண்டது. தலையணையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக அலைந்தேன். மணி பத்தாகியும் வெளியே சாம்பல் நிறம். கடைசியில் ஹீட்டரின் மேல் வைத்தேன், உறை கருகி நாற்றமடித்தது. வீட்டுக்கார அம்மாள் ஓடிவந்து தலையணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கழுத்து வலி என்றேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் புரியவில்லை, எனக்கும் இங்கிலீஷில் விளக்கத் தெரியவில்லை.

மூன்று வாரமாகியும் வலி விடவில்லை. நான் பாலங்களுக்கு வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். நாள் முழுக்கப் பலகைமேல் குனிந்திருக்க வேண்டும். யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேலாளர் ஒரு சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்து, இவர் கைரோபிராக்டர், போய்ப் பார், நானே பேசிவிட்டேன் என்றார். மருந்தும் ஊசியும் இல்லாமல் கையாலேயே எலும்பைச் சரிசெய்கிறவராம். ‘நானே பேசிவிட்டேன்’ என்றதுதான் எனக்கு உறுத்தியது. இவன் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருப்பாரோ? திருப்பி அனுப்பிவிட்டால் எந்த முகத்தோடு திண்டிவனத்தில் போய் இறங்குவது?

உங்களில் யாருக்காவது பின்னால் உதவும் என்பதற்காக அங்கே நடந்ததைச் சொல்கிறேன். உள்ளே போனதும் நான் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஊரில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து ‘மளுக்’கென்று ஒரு திருப்பு திருப்புவார்களே, அதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். வைத்தியர் வெள்ளைக் கோட்டு போட்ட ஒல்லி மனிதர், ஐம்பது வயதிருக்கும். முறிக்க மாட்டேன், திருக மாட்டேன், காதுக்குக் கீழே மெல்லத் தொடுவேன், அவ்வளவுதான் என்று சிரித்தார். பயம் போய்ச் சந்தேகம் வந்தது. ஏனென்றால் மெல்லத் தொடுகிற அந்தத் தொழிலை நானே செய்திருக்கிறேன்.

நான் தாயின் வயிற்றிலிருந்து கால் முன்னே வரப் பிறந்தவன். அப்படிப் பிறந்தவன் காலால் தடவினால் சுளுக்கு விடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. ஐம்பதுகளின் தொடக்கத்தில், திண்டிவனம் மண்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர்கள் விடியற்காலையில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். எனக்கு ஒன்பது வயது. என்னைக் கவிழ்த்த உரல்மேல் உட்கார வைப்பார்கள். கழுத்து பிடித்தவர் எனக்கு முதுகு காட்டித் தரையில் உட்காருவார். வலது கால் கட்டைவிரலால் காதுக்குப் பின்னாலிருந்து தோள் வரை மூன்று முறை இழுப்பேன். பெரியவர்மேல் கால் பட்ட பாவம் தீர, பிறகு அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். “வுட்டுப் போச்சும்மா” என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டு மூட்டை தூக்கப் போய்விடுவார். எனக்குக் காலில் ஒரு சூடும் தெரிந்ததில்லை, ஒரு சக்தியும் தெரிந்ததில்லை, முடி குத்தியதுதான் தெரியும். அதை அம்மாவிடம் நான் சொன்னதே இல்லை.

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். அந்தக் கைரோபிராக்டர் அறையில் நாங்கள் இரண்டு பாம்புகள் என்றே நினைத்தேன்.

அவர் ஒரு ஃபாரத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். மரத்திலிருந்து விழுந்ததுண்டா, தலையில் அடிபட்டதுண்டா, பாரம் சுமந்ததுண்டா என்று போய், கடைசியில், எப்படிப் பிறந்தாய் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கேள்வியை இன்னொரு தேசத்தில் கேட்பார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஆள் நம்ம ஜாதி என்று சந்தோஷமாகிவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி, கால் முன்னே வந்தது என்றேன். அவருடைய பேனா நின்றது. முகம் வருத்தமானது. அடடா, பிறக்கும்போதே கழுத்து இழுபட்டிருக்கலாம், தொந்தரவு அன்றைக்கே ஆரம்பித்திருக்கும் என்று சொல்லி எழுதிக்கொண்டார். திண்டிவனத்தில் என் பிறப்பு வைத்தியம், இங்கே அதுவே வியாதி. எனக்குக் கோபமாக வந்தது.

அடுத்தது எக்ஸ்ரே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஊரில் நம்மை எக்ஸ்ரேக்கு அனுப்பினால் காச நோய் என்றுதானே அர்த்தம்? படம் என் ஆபீசுக்குப் போகுமா என்று இரண்டு தரம் கேட்டேன். நான் ஆபீசில் காட்ட ஆசைப்படுவதாக அவர் நினைத்துக்கொண்டு, வேண்டுமானால் ஒரு பிரதி தருகிறேன் என்றார். மூன்று கோணத்தில் கழுத்தைப் படம் எடுத்து, விளக்கு முன்னால் மாட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கோணம் அளந்தார். அது என் தொழில். குறை கண்டுபிடிக்கப் பார்த்தேன். கோட்டில் தப்பில்லை.

பிறகு என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். வயதில் பெரியவர் என் காலைப் பிடிக்கிறாரே என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். கூச்சம் என்று நினைத்துச் சிரித்தார். வலது கால் நம் தச்சர் கணக்கில் இரண்டு நூல் அளவு குட்டையாகத் தெரிகிறதாம், கழுத்தின் கோணல் அங்கே தெரியுமாம். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். காதுக்குக் கீழே விரல் பட்டது. தக்காளி பழுத்திருக்கிறதா என்று பார்ப்பது போல ஒரு அழுத்தம். முடிந்தது, இருபது நிமிடம் அசையாமல் படுத்திரு என்று திரையை இழுத்துவிட்டுப் போனார். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

படுத்திருந்தபோது முனுசாமி அண்ணன் ஞாபகம் வந்தது. உரலுக்குக் கீழே வந்து உட்காருகிற மண்டிக்காரர்களில் அவரும் ஒருவர். நான் படித்து விழுப்புரத்தில் ஒரு ஆபீசில் சேர்ந்த புதிது. ஒரு நாள் அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்தபடி, திண்டிவனத்திலிருந்து பாசஞ்சர் பிடித்து ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார்.

“கழுத்து புடிச்சிக்கினு நாலு நாளா பேஜாரா இருக்குது தம்பி. ஒரு தபா கால வெச்சி வுடுங்க, ஜல்தியா போயிடறேன்.”

பின்னால் இரண்டு குமாஸ்தாக்கள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அதெல்லாம் சும்மாண்ணே. என் கால்ல ஒண்ணும் இல்ல. எனக்கு ஒரு நாளும் ஒண்ணும் தெரிஞ்சதில்ல. பெரியாஸ்பத்திரிக்குப் போங்க.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? கால்தான் உங்களுது. கழுத்து என்னுது தம்பி.”

நான் ஷூவைக் கழற்றவில்லை. உண்மையைச் சொன்னேன் என்று அன்றைக்குப் பெருமையாக இருந்தது. குமாஸ்தாக்களுக்கு வெட்கப்பட்டேன் என்பதுதான் நிஜம். அவர் வந்த வழியே ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போனார்.

வைத்தியர் வந்து மறுபடி காலை அளந்து, பாரம் தூக்காதே, வியாழக்கிழமை வா என்று ஒட்டாத ஒரு கவரைக் கொடுத்து, மேலாளரிடம் கொடு என்றார். தெருமுனையிலேயே பிரித்துப் படித்தேன். இவருடைய வரைபலகையை ஒரு சாண் உயர்த்திப் போடவும் என்று மட்டும் எழுதியிருந்தது. பனியில் நின்று ஒரு நல்ல மனிதனைச் சந்தேகப்பட்ட வெட்கத்தை அனுபவித்தேன்.

ஐந்தாம் நாள் தலை திரும்பியது. அவர் விரலா, உயர்த்திய பலகையா, தானாகவே விட்டதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வலி போனது மட்டும் தெரியும், கழுத்து என்னுடையது. வேலையும் நிலைத்தது. அன்றைக்கே அம்மாவுக்குக் கடிதம் எழுதி முனுசாமி அண்ணனை விசாரித்தேன். பதில் வர ஒரு மாதமாயிற்று. “அவன் மூட்டை தூக்கறத வுட்டு ரொம்ப நாளாச்சிப்பா. ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பாத்தான். தல சாஞ்சது சாஞ்சதுதான். இந்தப் பக்கம் வந்தா, தம்பி எப்ப வரும்னு கேட்டுக்கினு போறான்.”

வலி விட்ட பிறகும், மறுபடி கோணாமல் இருக்க, இப்போதும் வியாழக்கிழமைதோறும் போகிறேன். வாசலில் பனி பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கிறேன். அவர் என் வலது காலைக் கையில் ஏந்தி, எத்தனை நூல் குறைகிறது என்று அளந்து எழுதிக்கொள்கிறார். அந்தக் காலுக்காகத் திண்டிவனத்தில் ஒரு கழுத்து சாய்ந்தபடியே காத்திருப்பதை எழுத அவருடைய ஃபாரத்தில் இடமில்லை.