சொட்டு எண்ணுகிறவர்

ஐந்து, ஆறு, ஏழு. சரிவான வாசலில் நிற்கும் காருக்கு அடியிலிருந்து அட்டையை உருவி, அதில் விழுந்த எண்ணெய்ச் சொட்டுகளை விரல் வைத்து எண்ணுகிறார் வாத்தியார். நேற்று ஐந்துதான். கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர் என்பதால் தெருவுக்கே அவர் வாத்தியார். இருப்பது ஒரே கார். அது படுத்தால் பிழைப்பும் படுத்துவிடும்.

சந்தேகம் அவருக்குக் கூடவே பிறந்தது. கடையில் எடை போடும்போது தராசைப் பார்க்க மாட்டார், கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகியும், மனைவி பூட்டிய கதவென்றால் தெருமுனைவரை போனவர் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "என்னையும் ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டுப் போங்க" என்பார் அந்த அம்மாள்.

கியர் பாக்ஸ் ஒழுக ஆரம்பித்ததும் முதலில் பார்த்த மீசைக்கார மெக்கானிக், "மொத்தமா மாத்திடுங்க, வண்டிய ரெண்டு வாரம் விட்டுட்டுப் போங்க" என்றார். "நாலு சொட்டுக்கு முழு கியர் பாக்ஸா? யார் தலையில மிளகாய் அரைக்கிற?" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார் வாத்தியார். வீறாப்பெல்லாம் வாயில்தான். இரண்டு வாரம் வண்டி நின்றால், கற்றுக்கொள்ள மிச்சமிருக்கும் நாலு பேரும் அடுத்த தெருப் பயிற்சிப் பள்ளிக்குப் போய்விடுவார்கள்.

அடுத்துப் பார்த்தவள் ஒரு பெண் மெக்கானிக். "எண்ணெய் கசியாம அடைக்கிற சீல் மட்டும்தான் சார் போயிருக்கு" என்று அரை நாளில் மாற்றிக் கொடுத்தாள். அதுவும் மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு சுலபமா முடியுற வேலையா? எங்கயோ இடிக்குதே!"

சீல் மாற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை, இன்றைக்கு ஏழு சொட்டு. காலைப் பாடத்துக்கு வந்த நர்ஸம்மாவை ஓட்டச் சொல்லி நேரே அந்தப் பெண் மெக்கானிக்கின் பட்டறைக்கே போய் இறங்கினார்.

"ஏம்மா, பழசையே துடைச்சு மாட்டிட்டியா? மீசைக்காரர் சொன்னதுதான் சரி. நாளைக்கே முழுசா மாத்தப் போறேன்!"

காத்திருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காரைச் சமதரையில் நிறுத்தி, அடியில் படுத்து, எண்ணெய் அளவு பார்க்கும் திருகைக் கழற்றினாள். அளவு சரியாக இருந்தால் எண்ணெய் துவாரத்தின் விளிம்போடு நிற்க வேண்டும். இங்கேயோ குபுகுபுவென்று கொட்டி, கீழே வைத்த தட்டே நிறைந்தது.

"சீலும் நல்லாருக்கு, கியர் பாக்ஸும் நல்லாருக்கு. மாத்தவே வேண்டாம்" என்று வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் குறைச்சு ஊத்தியிருப்பேன்னு நெனச்சு, வண்டிய சரிவுல வச்சே அளவு பாத்து, கம்மியாத் தெரியவும் தெனமும் மேல மேல எண்ணெய் ஊத்தியிருக்காங்க. உள்ள எடம் இல்லாம அது பிதுங்கி வருது." எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"யாரு ஊத்தினது?"

நர்ஸம்மா பார்த்துக்கொண்டிருக்க, வாத்தியார் மெல்ல வலது கையைத் தூக்கினார்.