நசுக்காத முள்

எனக்கு இருப்பது ஒன்றரைக் கண். இடது கண் பிறந்ததிலிருந்தே சோம்பேறி. கண்ணாடி போட்டாலும் எதிரில் ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. புனே ஹிஞ்சேவாடியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அடுத்தவர்கள் எழுதிய புரோகிராமில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. அந்த வேலை முழுவதையும் வலது கண்தான் இத்தனை வருஷமாகத் தனியாகச் செய்துகொண்டிருக்கிறது. மனைவிக்கு இது தெரியும். என்னோடு மீன் பிடிக்க ஆற்றுக்கு வரும் இரண்டு நண்பர்களுக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் பாறைக்குப் பாறை என் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருப்பார்கள். அந்த உபசாரம் எனக்குப் பிடிக்காது.

இருவரில் ஒருவன் சென்னைக்காரன், எங்கள் டீம்தான். அமெரிக்காவில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவன். அங்கே குளிர்காலத்தில் இடுப்பளவு ஆற்றில் நின்று ஸ்டீல்ஹெட் பிடித்திருக்கிறான். ட்ரௌட் இனத்து மீன் அது. கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பி வருமாம். அதைப் பிடிக்கப் புழு, மாவு எதுவும் கிடையாது. கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி ஒன்றைக் கட்டி, கனமான நூலை முன்னும் பின்னும் காற்றில் வீசி, அந்தப் பொய்ப் பூச்சியைத் தண்ணீர்மேல் மெதுவாக இறக்க வேண்டும். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். இந்தப் பைத்தியத்தை அவன் புனேவுக்கும் கொண்டுவந்தான். இங்கே ஸ்டீல்ஹெட்டுக்கு எங்கே போவது? முல்ஷி பக்கத்து ஆற்றில் மஹசீர் என்று ஒரு மீன் இருக்கிறது, அதுவும் ஸ்டீல்ஹெட் மாதிரியே மல்லுக்கட்டும் என்று சொல்லி எங்களை இழுத்துப்போனான்.

இன்னொருத்தி இதே புனேயில், தாபோடியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா மிலிட்டரி இன்ஜினியரிங் காலேஜில் வேலை பார்த்து ரிட்டையரானவர், வேலூர்ப் பக்கத்து ஆள். அவள் ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் முடிப்பாள். எதற்கும் பயப்பட மாட்டாள். அது எங்களுக்குப் பல சமயம் உபகாரமாகவும் சில சமயம் உபத்திரவமாகவும் இருந்திருக்கிறது.

எங்கள் மூவருக்கும் ஒரு சட்டம் இருந்தது. போட்டவன் சென்னைக்காரன். எந்தக் கொக்கியிலும் நுனிக்குக் கொஞ்சம் கீழே, பின்பக்கம் பார்த்தபடி ஒரு சின்ன முள் இருக்கும். உள்ளே போன கொக்கி திரும்பி வராமல் பிடித்துக்கொள்வது அந்த முள்தான். தண்ணீரில் இறங்குவதற்கு முன் அதைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். மீனுக்குக் காயம் குறையும், நமக்கும் ஆபத்தில்லை. வாராவாரம் கரையில் நின்று இதைப் பற்றி ஒரு பாடமே எடுப்பான். "முள்ளோட தண்ணில எறங்குறவன் மீன்காரனே இல்லடா" என்பான். நாங்களும் நல்ல பிள்ளைகளாக நசுக்கிக்கொள்வோம். ஒரு தடவை என் கட்டைவிரலில் கொக்கி ஏறியபோது தாபோடிக்காரி ஒரே இழுப்பில் எடுத்துவிட்டாள். முள் இல்லாததால் ஊசி மாதிரி வந்துவிட்டது, ரத்தம்கூட சரியாக வரவில்லை.

அந்த டிசம்பரில் அவனுக்கு நேரம் சரியில்லை. அதுவரை நாங்கள் பார்த்ததிலேயே பெரிய மஹசீர் ஒன்று அவனிடம் மாட்டி, கரைவரைக்கும் வந்து, காலடியில் கொக்கியை உதறிவிட்டுப் போய்விட்டது. அந்த வாரம் முழுக்க மீட்டிங்கில்கூட எழவு விழுந்த வீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தான். வார நாளாக இருந்தாலும் பரவாயில்லை, காலையில் போய்விட்டு லேட்டாக லாகின் பண்ணிக்கொள்ளலாம் என்று நச்சரித்தான். அந்த மீன் அதே மடுவில்தான் இருக்கிறது என்பது அவன் கணக்கு. சரி, ஒழியட்டும் என்று கிளம்பினோம்.

விடிந்தும் விடியாத நேரம். புனேக் குளிர் எலும்புக்குள் இறங்கியது. தண்ணீரிலிருந்து பனி எழும்பி என் கண்ணாடியை மூடிக்கொண்டே இருந்தது. அவன் முன்னால் முழங்காலளவு தண்ணீரில் நின்று வீசிக்கொண்டிருந்தான். நான் அவனுக்குப் பின்னால் வலப்புறம் கரையில் நின்றேன். அங்கே நிற்கக் கூடாது, பின்வீச்சு போகும் பக்கம் அது. எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு நிமிஷம்தானே என்று கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தேன்.

காற்று ஒரு தட்டு தட்டியது. காதோரம் ஏதோ சீறியது. வலது இமையில் யாரோ சுண்டின மாதிரி இருந்தது. வலி பிறகுதான் வந்தது. கண்ணை மூடப் பார்த்தேன்; மூடும்போது உள்ளே எதுவோ உரசியது. திறக்கப் பார்த்தேன், அப்போதும் உரசியது. கையைக் கொண்டுபோனால் இமையிலிருந்து இறகு தொங்குகிறது. அவன் அடுத்த வீச்சுக்கு நூலை இழுக்க, என் தலையே அந்தப் பக்கம் திரும்பியது.

"இழுக்காத, இழுக்காத" என்று கத்தினேன்.

அவன் நூலை அறுத்துவிட்டு ஓடிவந்தான். தாபோடிக்காரி அவனுக்கு முன்னால் வந்துவிட்டாள். என்னை ஒரு பாறைமேல் உட்காரவைத்து, மோவாயைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தாள்.

"மேல் இமைல ஏறிருக்கு. கண்ணுக்குள்ள போச்சான்னு தெரியல. சிமிட்டாதே, பில்குல் சிமிட்டாதே."

சிமிட்டாமல் எப்படி இருப்பது? ஒவ்வொரு தடவை இமை தானாக அசையும்போதும் மணல் வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. வலது கண்ணில் வெளிச்சத்தைத் தவிர எதுவும் இல்லை. மிச்சம் இருந்தது என் சோம்பேறிக் கண். அதற்குத் தெரிந்தவை ஒரு சிவப்பு ஜாக்கெட், ஒரு பச்சை ஜாக்கெட், நடுவில் வெள்ளையாகப் பனி. இனிமேல் எனக்கு உலகம் இவ்வளவுதானோ என்று நினைத்தேன். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை.

"நானே எடுத்துடறேன்" என்றாள் அவள். "கட்டைவெரல்ல எடுத்தேன்ல, அப்படித்தான். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள இது ஆடி ஆடி உள்ள கிழிச்சுடும்." பிறகு பச்சை ஜாக்கெட் பக்கம் திரும்பினாள். "முள்ள நசுக்கிட்டேல்ல?"

"ம்... ஆமா" என்றான் அவன்.

அவன் குரலில் இருந்த அந்தச் சின்ன இழுப்பை நான் கவனித்தேனா என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். கவனிக்கவில்லை. முகத்தைப் பார்த்திருந்தால் பிடித்திருப்பேன். ஆபீஸில் அவன் முடிக்காத வேலையை முடித்துவிட்டேன் என்று சொல்லும்போதெல்லாம் முகம்தான் காட்டிக்கொடுக்கும். என் இடது கண்ணில் அவனுக்கு முகமே இல்லை. நசுக்கியிருக்கிறான், வந்துவிடும் என்று எனக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்தது.

அவள் என் நெற்றியில் இடது உள்ளங்கையை அழுத்தினாள். கொக்கியைப் பிடிக்கும் சின்ன இடுக்கியை எடுத்தாள். உலோகம் உலோகத்தில் படும் ஓசை என் மண்டைக்குள்ளேயே கேட்டது. கொக்கி அவள் பிடியில் வந்ததும் இமை லேசாகத் தூக்கிக்கொண்டது.

"ரெடியா? மூச்சு விடாதே. ஏக்..."

அப்போதுதான் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, பயத்தில் வாயில் வந்துவிட்டது.

"பாத்து எடு. எனக்கு இன்னொரு கண்ணு தெரியாது."

"க்யா?" என்றாள்.

"இடது கண்ணு சின்ன வயசுலேர்ந்தே சரியா தெரியாது. இது ஒண்ணுதான்."

அவள் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு, "டீக் ஹை. இன்னும் ஜாக்கிரதையா எடுக்கறேன்" என்று பிடியைச் சரிசெய்துகொண்டாள். "ஏக். தோ..."

"நிறுத்து" என்றான் அவன்.

"என்ன?"

"நிறுத்து. இழுக்காத. நசுக்கல."

எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. இடுக்கியை மெதுவாக, மிக மெதுவாக விட்டாள். கொக்கி பழையபடி இமையில் தொங்கியது. அவள் அவனை ஹிந்தியில் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. தாபோடியில் கற்றுக்கொண்டதையெல்லாம் அவன்மேல் கொட்டிவிட்டு, காரிலிருந்து டீ குடித்த பேப்பர் கப் ஒன்றை எடுத்துவந்தாள். அதைக் கண்ணுக்குமேல் கவிழ்த்து, முதலுதவிப் பெட்டியிலிருந்த பிளாஸ்திரியால் ஒட்டினாள்.

அவன்தான் கார் ஓட்டினான். எனக்குத் தெரிந்த கண் ஆஸ்பத்திரி ஹிஞ்சேவாடியைத் தாண்டி இருந்தது. நாங்கள் ஹிஞ்சேவாடிக்கு வந்தபோது ஊரே ஆபீஸுக்குப் போகும் நேரம். கம்பெனி கேப்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றிருந்தன. நான் பின் சீட்டில் தலையைச் சாய்த்துக் கிடந்தேன். ஒவ்வொரு பிரேக்குக்கும் கண்ணுக்குள் உரசியது.

"போன வாரம் அது கழண்டு போச்சுல்ல" என்றான் அவன், யாரும் கேட்காமலே. "முள்ளு இருந்திருந்தா போயிருக்காது. இன்னிக்கு ஒரு தடவை மட்டும்னு நெனச்சேன்."

"பேசாம ஓட்டு" என்றேன்.

வண்டி அசையவே இல்லை. தாபோடிக்காரி கதவைத் திறந்து இறங்கினாள். எங்கள் காருக்கு முன்னால் நடந்தபடி ஒவ்வொரு வண்டியின் கூரையையும் தட்டினாள். "தாதா, காடி பாஜுலா க்யா. டோள்யாத் ஹூக் கேலாய்." கண்ணில் கொக்கி ஏறியிருக்கிறது, வண்டியை ஓரம் கட்டுங்கள் என்று திரும்பத் திரும்ப மராத்தியில் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு பஸ் டிரைவர் நடைபாதைமேல் ஏற்றி வழிவிட்டார் என்று அப்புறம் சொன்னார்கள். எனக்கு அவள் குரல் மட்டும்தான் கேட்டது. அது தூரமாகப் போகிறதா, பக்கத்தில் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் வண்டி நகர்வதைத் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இமைக்கும் கண்ணுக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றைச் செருகினார். கொக்கியை முன்னோக்கித் தள்ளி, முள்ளை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை வந்த வழியே எடுத்தார். கருவிழியில் கீறல் இருக்கிறது, ஆழமில்லை, ஆறிவிடும் என்றார். அப்படியே இழுத்திருந்தால் என்று தாபோடிக்காரி கேட்டாள். இமை கிழிந்திருக்கும், முள் போகிற போக்கில் கருவிழியையும் இழுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். கதவோரம் நின்றிருந்தவன் வெளியே போய்விட்டான்.

கட்டுப் போட்டிருந்த நாட்களில் வீட்டில் சுவரைத் தடவித் தடவி நடந்தேன். என் தட்டில் இருப்பது சாம்பாரா ரசமா என்று மனைவியைக் கேட்க வேண்டியிருந்தது. அவன் தினமும் போன் பண்ணினான், நான் எடுக்கவில்லை. "கடைசி நேரத்துல சொல்லிட்டாருல்ல, விடுங்க" என்றாள் மனைவி. அந்தக் கடைசி நேரம்தான் என்னை விடவில்லை. ஏக் என்று எண்ணும்போதும் அவன் பக்கத்தில்தான் நின்றான். அப்போது ஏன் சும்மா இருந்தான்?

கட்டைப் பிரித்த பிறகு ஒரு சாயங்காலம் அவனே வீட்டுக்கு வந்தான். பழங்கள் வாங்கி வந்திருந்தான், நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் மாதிரி. எதிரே சோபாவில் நுனியில் உட்கார்ந்தான். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டான். நன்றாகத் தெரிகிறது என்றேன்.

"ஒண்ணு கேக்கறேன், நேரா சொல்லு" என்றேன். "எனக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருந்திருந்தா, நிறுத்துன்னு சொல்லியிருப்பியா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். நான் அவன் முகத்தையே பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம், சரியாக மழிக்காத தாடி, காய்ந்த உதடு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன.

"தெரியலடா" என்றான்.

கோபம் தலைக்கேறியது. எழுந்து போ என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அவன் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை, என்னைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன் என்று அவன் சொல்லியிருந்தால் அன்றோடு நட்பை முடித்துக்கொண்டிருப்பேன். நான் எழுந்துபோய் மனைவியிடம் இரண்டு காபி போடச் சொன்னேன்.