பித்தப்பை இல்லாமல் பிறந்தவர்

நாமக்கல்லில் செய்தி சேகரிக்கப் போய் ஒரு குறைதீர் கூட்டம் தொடங்கக் காத்திருந்தபோது மல்லசமுத்திரத்திலிருந்து நாச்சிமுத்துவின் மகன் குமரேசன் அழைத்தார். "அப்பா போயிட்டாருங்க பெரியப்பா. விடியால." சில மாதங்களாகவே எதிர்பார்த்திருந்த செய்திதான். கூட்டத்தை வேறொரு நிருபரிடம் ஒப்படைத்துவிட்டுப் பேருந்து ஏறினேன். உட்கார இடம் கிடைத்ததும் கண்களை மூடிக்கொண்டேன். என் வயதில் சாவு வீட்டுக்குக் கிளம்பும்போது துக்கத்துக்கு முன்னால் அலுப்புதான் வருகிறது.

நாச்சிமுத்து எங்கள் நாளிதழின் மல்லசமுத்திரம் பகுதிநேர நிருபர். மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, அதே சேற்றுக் காலோடு வண்டியை எடுத்துக்கொண்டு செய்திக்குப் போகிறவர். என்னைவிடச் சில வயது இளையவர். கடைசி வரை என்னை அண்ணா என்றே அழைத்தார். பல வருடங்களுக்கு முன் திருச்செங்கோடு சாலையில் ஒரு லாரி கவிழ்ந்தது. ஓட்டுநர் தூங்கிவிட்டார் என்று எல்லோரும் எழுதினார்கள். நாச்சிமுத்து மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஓட்டுநரையே கேட்டுவிட்டு, அச்சு முறிந்ததால் கவிழ்ந்தது என்று எழுதினார். எங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்டதற்கு, "தூங்குனத ஆருங்ணா பாத்தாங்க?" என்றார். அவருடைய பத்திரிகைப் பாடம் அவ்வளவுதான்.

பிறகு அவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. ஸ்கேன் எடுத்த இடத்தில் பித்தப்பை சுருங்கிக் கிடக்கிறது, கல்லும் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சேலத்தில் அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடாயிற்று. வயிற்றில் துளையிட்டுக் கருவியை விட்டுப் பார்த்த மருத்துவருக்கு எடுப்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை. சுருங்கிய பையும் இல்லை, சுருங்காத பையும் இல்லை. பிறவியிலேயே பித்தப்பை இல்லாதவர் என்பது பின்னர் எடுத்த இன்னொரு ஸ்கேனில் உறுதியாயிற்று. மிக அரிதாக அப்படிப் பிறப்பவர்கள் உண்டாம். நான் பார்க்கப் போனபோது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சிரித்தார். "பாக்காம எழுதறவங்க நம்ம பொழப்புல மட்டும் இல்லீங்ணா."

அலுவலகத்தில் அது பெரிய வேடிக்கையாயிற்று. யார் எவ்வளவு கத்தினாலும் அவர் பதற்றப்படாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்றார்கள். பித்தம் தலைக்கேறப் பையே இல்லாத ஆள் என்று பெயர் வைத்தார்கள். அவரும் அதை ரசித்தார். பை இல்லை, ஆகவே அந்தப் பக்கத்துத் தொந்தரவு தமக்கு இல்லை என்றும் நம்பினார். பை இல்லாவிட்டாலும் பித்தநாளம் இருக்கிறது, அவ்வப்போது வந்து காட்டுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சு அவர் காதில் நிற்கவில்லை.

போன வருடம் உடம்பெல்லாம் அரிப்பெடுத்தது. கண் மஞ்சளானது. எங்கள் பக்கத்தில் கண் மஞ்சளானால் அது காமாலை, காமாலைக்குப் பச்சிலை, பச்சிலைக்குப் பத்தியம். எடப்பாடிப் பக்கம் ஒருவரிடம் மருந்து வாங்கிக் குடித்தார். உப்பு, புளி, எண்ணெய் எல்லாம் நின்றன. மஞ்சள் குறையவில்லை, ஆள்தான் குறைந்தார். சேலத்துக்குக் கொண்டுபோனபோது பித்தநாளத்தில் புற்று, கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அடைப்பில் குழாய் வைத்துப் பித்தம் இறங்க வழி செய்தார்கள். அதற்கு மேல் செய்வதற்கில்லை என்று மகன் குமரேசனிடம் சொன்னார்கள். பை இல்லாததால் வந்த வினையா என்று நான் மருத்துவரைக் கேட்டேன். இரண்டும் ஒருவருக்கே இருப்பதை அபூர்வமாகப் பார்க்கிறோம், ஒன்றால்தான் மற்றது என்று சொல்ல முடியாது, அப்படி எழுதிவிடாதீர்கள் என்றார். எழுதவில்லை.

குழாய் வைத்ததும் அரிப்பு நின்றது, கண் வெளுத்தது. காமாலை இறங்கிவிட்டது என்று வீட்டில் அவரிடம் சொன்னார்கள். நோயின் பெயரை அவர் காதில் போடுவதில்லை என்று மகனும் மனைவி பாவாயி அம்மாளும் பேசி வைத்திருந்தார்கள். காமாலை என்று சொல்லிவிட்டதால் பத்தியமும் தொடர்ந்தது. நான் போன ஒரு மதியம் உப்பில்லாத சோற்றை மோரில் கரைத்து, மருந்து போல விழுங்கிக்கொண்டிருந்தார். பிறகு கிணற்றடி வரை நடந்தோம். தென்னை மரத்தில் சாய்ந்துகொண்டு அவரே பேசினார்.

"டாக்டர நானே கேட்டேனுங்ணா. அவரு மறைக்கலீங்க."

அப்படியானால் இந்தச் சோறு எதற்கு என்று கேட்டேன்.

"நான் பொழச்சுக்குவேன்னு நெனச்சு ஆக்கிப் போடறா. உப்பு வேணும்னு கேட்டா, எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சு போயிருமுங்களே."

அடுத்த வாரம் சேலத்தில் அதே மருத்துவரைப் பார்த்துப் பத்தியம் தேவையா என்று கேட்டேன். யார் சொன்னது, பிடித்ததைச் சாப்பிடட்டும், எத்தனை நாள் சாப்பிடப் போகிறார் என்றார். மல்லசமுத்திரம் போய்ச் சமையலறை வாசலில் நின்று பாவாயி அம்மாளிடம் அதைச் சொன்னேன். அவர் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கும் தெரியுமுங்ணா. உப்புப் போட்டா, இனி ஒண்ணுமில்லைன்னு அவருக்குத் தெரிஞ்சு போயிருமுங்க."

"அவருக்குத் தெரியும், அம்மணி."

பாவாயி அம்மாள் பயறு வேக வைத்தார். பிறகு பச்சைப்பயிற்றைக் கடைந்தார். சின்ன வெங்காயம் வதக்கித் தாளித்தார். உப்பு ஜாடியைத் திறந்து, அளவு மறந்துபோனவர் போலக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் போட்டார். நாச்சிமுத்து முதல் வாயை மென்றதும் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். இருவருமே பார்வையைத் திருப்பவில்லை.

"தூக்கலா இருக்குதுங்களா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"இல்ல. செரியா இருக்குது."

பாவாயி அம்மாள் அங்கேயே உட்கார்ந்து அழுதார். "அழுதுக்கோ சாமி," என்றார் நாச்சிமுத்து, எச்சில் கையைத் தட்டின் மேலேயே வைத்துக்கொண்டு. நான் வெளியே வந்துவிட்டேன். அதன் பிறகு அந்த வீட்டில் வலியை வலி என்று சொன்னார்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை என்று அவர் வாய்விட்டுச் சொல்லவும், அந்த அம்மாள் எழுந்து வந்து பக்கத்தில் இருக்கவும் முடிந்தது. உணவு உள்ளே இறங்கிய வரைக்கும் அவருக்குப் பிடித்ததையே ஆக்கிப் போட்டார்கள்.

இன்று நான் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். மாலையைப் போட்டுவிட்டு நின்றேன். விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் எனக்கு மிச்சமில்லை. போய் வாருங்கள், நாச்சிமுத்து. பார்த்ததை மட்டுமே இங்கே எழுதியிருக்கிறேன்.

பள்ளிபாளையத்திலிருந்து வந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர் பாவாயி அம்மாளைக் கட்டிக்கொண்டு, பாழாய்ப் போன காமாலை கொண்டு போய்விட்டதே என்று அழுதார். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். பாவாயி அம்மாள் அவர் கையை விலக்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காமாலை இல்லீங்க. பித்தக் கொழாய்ல புத்து. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உப்புப் போட்டுத்தானுங்க சோறு போட்டேன்."