மூச்சு விட்ட சுவர்

எங்கள் தொழிலில் 'ராணுவம்' என்றால் அது ஒரே ஒருத்திதான். நோயாளிகளின் வீட்டிலேயே தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எங்களுடையது. அவளும் நானும் ஒன்றாகப் பயிற்சி எடுத்தோம். படுக்கை விரிப்பில் சுருக்கம் தென்பட்டால், நோயாளியின் தூக்கம் கலையாமல் அதை நீவிச் சரிசெய்துவிடுவாள். கை கழுவாமல் உள்ளே வந்த மருத்துவரைக் குழாயடிக்குத் திருப்பி அனுப்பியவள். பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. அடுத்தவர் வீட்டுப் பின்னறையில், அடுத்தவர் இருமலுக்கு விழித்துக்கொண்டே அவள் காலம் கழிந்தது. உடைமை எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கிவிடும். "சாகக் கெடக்கறவங்களே வெறுங்கையோட போறாங்க. நான் எதுக்குக்கா மூட்டை தூக்கணும்?" என்பாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் வந்து, வீடு வாங்கப் போகிறேன் என்றாள்.

"எந்த வீடு?"

"டீச்சரம்மா வீடு."

டீச்சரம்மா அவளுடைய கடைசி நோயாளி. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை, கல்யாணம் ஆகாதவர், இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வாய் மட்டும் ஓயாது. "என்ன ராணுவம், இன்னைக்கு எந்த நாட்டு மேல படையெடுப்பு?" என்று காலையில் ஆரம்பிப்பார். "உங்க முதுகு மேலதான். திரும்பிப் படுங்க" என்பாள் இவள். இரண்டு பேரும் எலியும் பூனையுமாக வருஷக்கணக்கில் சந்தோஷமாக இருந்தார்கள்.

ஒரு மத்தியானம் மூச்சின் போக்கு மாறியது. மெல்ல ஏறும், ஏறி ஏறி உச்சிக்குப் போகும், பிறகு இறங்கி அப்படியே நின்றுவிடும். இனி இல்லை என்று நினைக்கும்போது மறுபடி ஆரம்பிக்கும். இந்த மூச்சு வந்தால் ஆளை எங்கேயும் நகர்த்தக் கூடாது, கூட உட்கார வேண்டியதுதான் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் டீச்சரம்மாவின் அண்ணன் மகன் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி. ராணுவம் டீச்சரம்மாவின் பல்செட் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவிலேயே நின்றாள். யாரோ வந்து சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது.

வீடு விற்கும் வரை கூட்டிப் பெருக்கி ஜன்னல்களைத் திறந்து வைக்க, அண்ணன் மகன் அவளிடமே சாவியைக் கொடுத்தார். அங்கேதான் அது ஆரம்பித்தது.

"டீச்சரம்மா ரூம்ல மூச்சு கேக்குதுக்கா. அதே மூச்சு."

"உனக்குக் காது மந்தமாகுதுன்னு நெனச்சேன். அதிகமா வேற கேக்குதா?"

"சிரிக்காத. ஜன்னலத் தொறந்து விட்டா கொஞ்சம் சீராகுது. சாத்தினா திணறுது. நான் என்ன நேத்து வேலைக்கு வந்தவளா, மூச்சு தெரியாதவளா?"

வேறு யாராக இருந்தாலும் பேய் என்று ஓடியிருப்பார்கள். இவள் நோயாளி என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டிருக்கிறாள். எங்கள் ஆட்கள் மட்டும்தான் இப்படி ஏமாறுவோம். வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் போட்டு அந்த வீட்டை வாங்கி, டீச்சரம்மாவின் மூச்சு தானாக அடங்கும் வரை கூட இருப்பது என்று தீர்மானித்துவிட்டாள். முன்பணமும் கொடுத்தாகிவிட்டது.

நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "ஒரு கேஸ எடுக்கறதுக்கு முன்னால ரிப்போர்ட் எல்லாம் வாங்கிப் பாக்கறோம் இல்ல? வீட்டுக்கும் பாரு. பாத்துட்டு அப்பறம் கையெழுத்துப் போடு." அதற்கு ஒத்துக்கொண்டாள்.

கட்டடத்தைச் சோதிக்க வந்த இன்ஜினியர் சின்ன வயதுப் பெண், நிதானமானவள். வீட்டுத் தரகர் வழியெல்லாம் வீட்டின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தார். முன்னறை, சமையலறை எல்லாம் சரியாக இருந்தன. டீச்சரம்மா படுத்திருந்த பின்னறைக்கு வந்ததும் அந்தப் பெண் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தாள். அது தானாகப் பின்சுவரைப் பார்த்து உருண்டது.

"வீடு சுறுசுறுப்பா இருக்குன்னு வெச்சுக்கங்க" என்றார் தரகர்.

அவள் சிரிக்கவில்லை. "காலி வீட்ல சுவரப் பாத்து எதுக்கு நாற்காலி போட்டிருக்கு?"

"உக்காரத்தான்" என்றாள் ராணுவம்.

இன்ஜினியர் பெண் சுவரைத் தட்டிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் வெற்றுப் பானையைத் தட்டியது போலக் கேட்டது. அங்கே கட்டில் உயரத்தில் ஒரு விரிசல். நாங்கள் பேச்சை நிறுத்தினோம். அப்போது எனக்கும் கேட்டது. மெல்ல ஏறி, உச்சிக்குப் போய், இறங்கி, நின்றது. எத்தனை பேருடைய கடைசிக் கட்டில் அருகே இதைக் கேட்டிருக்கிறேன்! அவர்களின் முகங்களை மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். எல்லாரும் வரிசையாக வந்து நின்றார்கள்.

அந்தப் பெண் ஒரு மெல்லிய காகிதத்தைக் கிழித்து விரிசலில் பிடித்தாள். அது சுவரோடு ஒட்டியது, பிறகு படபடத்து வெளியே வந்தது. கொல்லைப்பக்கம் போய், செடிகளுக்கு நடுவே கிடந்த கல் பலகையைக் காட்டினாள். அதன் ஓரத்தில் ஓர் இடுக்கு.

"பழைய கிணறும்மா. குப்பையும் மண்ணும் கொட்டி மூடிட்டு, அதுல பாதிக்கு மேல இந்த ரூமக் கட்டிட்டாங்க. மண்ணு அமுங்கி உள்ள வெற்றிடம் ஆயிருக்கு. மொட்டை மாடித் தண்ணி எறங்கற பழைய குழாய் சுவருக்குள்ளயே கிணத்து வரைக்கும் போகுது. இந்த இடுக்கு மேல காத்து வீசறப்ப, அந்த விரிசல் வழியா இழுக்குது, விடுது. அவ்வளவுதான்."

"கிணறு இருந்தா நல்லதுதானே! தண்ணிக் கஷ்டம் இல்ல" என்றார் தரகர்.

"ரூமே கொஞ்சம் கொஞ்சமா அதுக்குள்ள எறங்குது சார். எப்ப விழும்னு சொல்ல முடியாது. கிணத்தத் தோண்டி கான்கிரீட் போட்டு அடைக்காம இங்க யாரும் படுக்கக் கூடாது. இப்ப இருக்கற நெலமையில வாங்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன்."

ராணுவம் ஒன்று மட்டும் கேட்டாள். "அடைச்சிட்டா இந்தச் சத்தம்?"

"நின்னுடும்மா." அந்தப் பெண் அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னாள்.

அவர்கள் போனபிறகு ராணுவம் பின்னறைக்குத் திரும்பி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடைக்காம அப்படியே வாங்கிக்கறேன்" என்றாள்.

"நீ உள்ள விழுந்தா யாருடி தூக்கறது? எனக்கே இடுப்புப் பிடிச்சிருக்கு."

சிரித்தாள். அந்தச் சிரிப்பின் நடுவே சுவரில் மூச்சு நின்றது. இருவரும் காத்திருந்தோம். கிணறு என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள் நான். ஆனாலும் நாடி பார்க்கிற மாதிரி என் இரண்டு விரல்கள் தாமாகவே சுவரில் போய் அமர்ந்தன. காரை சில்லென்றிருந்தது. மறுபடி ஆரம்பித்ததும்தான் விரல்களை எடுத்தேன்.

"பாத்தியாக்கா?"

"கிணறுடி."

"கிணறுதான். யாரு இல்லன்னா? ஆனா உன்னாலயும் எந்திரிச்சிப் போக முடியல பாரு."

மறுவாரம் தரகர் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அண்ணன் மகனும் வந்திருந்தார். அவள் உட்காரக்கூட இல்லை.

"வீடு எனக்கு வேணாம் தம்பி."

"என்னம்மா இப்படி நடுவுல கைய விரிக்கிறீங்க? வாக்குக் குடுத்தீங்களே!" என்றார் அண்ணன் மகன்.

"பொழைக்கற கேஸ் எடுத்திருக்கேன், போற கேஸும் எடுத்திருக்கேன். இது பொழைக்கவும் பொழைக்காது, போகவும் போகாது. எனக்கு அப்பறமும் இழுத்துக்கிட்டே கெடக்கும். அப்ப யாரு கூட உக்காருவா?"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீடு விரிசல் விட்டதைத்தான் சொல்கிறாள் என்று தலையாட்டினார். முன்பணத்தைத் திருப்பித் தருவதில் அவர் மனிதராகவே நடந்துகொண்டார். கதவருகே போனவள் திரும்பினாள்.

"அந்தக் கிணத்த அடைச்சிடுங்க தம்பி. நாளைக்குப் பச்சக் கொழந்தையோட யாராவது வாங்கி அந்த ரூம்ல படுக்க வெச்சிட்டா? அடைக்கறன்னைக்கு மட்டும் எனக்கு ஒரு போன் போடுங்க."

தெருவுக்கு வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் யாரையும் பிடித்துக்கொண்டு நடந்து நான் பார்த்ததில்லை.

போன் வரவில்லை. மறந்துவிட்டார். கலவை மிஷின் ஓடுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் மூலம் தெரிந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கொல்லையில் கான்கிரீட் வழுவழுவென்று மட்டம் தட்டப்பட்டிருந்தது. மேஸ்திரி கை கழுவிக்கொண்டிருந்தார். ராணுவம் நேரே பின்னறைக்குப் போய் விரிசலில் காதை வைத்தாள். நானும் வைத்தேன். சுவர் சுவராகத்தான் இருந்தது.

"எப்ப நின்னுச்சு?" என்று கேட்டாள்.

"எதும்மா?"

"இந்தச் சத்தம்."

"ஓ, அதுவா! பசங்க அதக் கேட்டுத்தான் பயந்துக்கிட்டிருந்தானுங்க. நேரம் யாரும்மா பாத்தா? கலவைய ஊத்த ஊத்த நின்னு போச்சு."

"கடைசியா உள்ள இழுத்துச்சா, வெளிய விட்டுச்சா?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவரும் நல்ல மனிதர், யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"இழுத்துச்சும்மா. நல்லா நீளமா. அப்பறம் வரவே இல்ல."

போகிறவர்கள் மூச்சை விட்டுவிட்டுத்தான் போவார்கள். இழுத்ததை விடாமல் யாரும் போய் நாங்கள் பார்த்ததில்லை. ராணுவம் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீ வெளிய நில்லுக்கா. அது விட்டதும் வரேன்" என்றாள்.

வேலையாட்கள் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். அப்போதும் நான் தெருவில்தான் நின்றுகொண்டிருந்தேன்.